மூன்றாவது வீடு

“எட்டு மாசத்துல எவ்வளவு வெயிட் வரும் சார்?”

தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த பெண், நாய்க்குட்டியின் முன்னங்காலைக் கையில் ஏந்திப் பார்த்தாள். நாலு மாதக் குட்டிக்கு அது கால் இல்லை, உலக்கை.

“நாப்பது கிலோ தாண்டும்” என்றார் குட்டியைக் கொண்டுவந்தவர். கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு விடுகிறவர்கள்தான் முதலில் எடையைக் கேட்பார்கள்.

நாய்க் காப்பகத்தில் அவருக்கு ‘மாமியார்’ என்று பெயர். தத்துக் கேட்கிறவர்களின் வீட்டை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. எந்த வீட்டிலும் ஒரு நொட்டை சொல்லாமல் திரும்பியதில்லை.

இந்தக் குட்டி விஷயத்தில் அவரே ஏமாந்திருந்தார். அழகாயிருக்கிறது என்று வாங்கிப்போன இரண்டு வீட்டுக்காரர்கள், அது வளர்கிற வேகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பகத்தில் இடமில்லை. மூன்றாவது முறையும் திரும்பினால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

சுற்றிப் பார்த்தார். ஒரே அறை, மூலையில் சமையல் மேடை, பின்னால் துணி காயும் சின்ன முற்றம். வாசல் கதவின் உட்பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள், மூன்றும் புதிது. ‘குட்டி தெருவுக்கு ஓடாது’ என்று படிவத்தில் குறித்துக்கொண்டார்.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

“இந்தக் கையோட சங்கிலியைப் பிடிக்க முடியுமாம்மா? வளந்தா உங்களையே இழுத்துட்டுப் போயிடும்.”

“இதே கையால தினம் நாலு சட்டை தைக்கிறேன் சார். இதைப் பிடிக்க மாட்டேனா?”

தரையில் உட்கார்ந்திருந்த மகள் குட்டியைத் தலையிலிருந்து வால்வரை சாண் போட்டு அளந்தாள். “அங்கிள், இது எங்கப்பாவைவிடப் பெருசாகுமா?”

“பின்னங்கால்ல நின்னா உங்கப்பா தோள்ல கை போடும், பாரு!”

சிறுமி சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

“ஆமா, வீட்டுக்காரர் எங்க?”

“வெளியூர்ல. எட்டு மாசத்துல வந்துடுவாரு. தேதி சொல்லிட்டாங்க.”

மாமியாருக்கு நொட்டை கிடைத்துவிட்டது. பேனாவை மூடினார்.

“அப்ப கஷ்டம்மா. வீட்டுப் பெரியவங்க எல்லாரும் குட்டிகிட்டப் பழகினாத்தான் குடுப்போம். இது மடியில வெச்சுக் கொஞ்சுற ஜாதி இல்ல. எட்டு மாசம் கழிச்சுத் திடீர்னு ஒரு ஆம்பளை உள்ள நுழைஞ்சா, திருடன்னு நெனச்சு மேல பாஞ்சிடும். அப்புறம் அவரே கொண்டுவந்து எங்க வாசல்ல கட்டிட்டுப் போயிடுவாரு.”

குட்டி அந்தப் பெண்ணின் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. காப்பகத்தில் அது யார் பக்கத்திலும் அப்படிப் படுத்ததில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை.

“சரி, ஒண்ணு பண்ணுங்க. அவர் போட்டுக் கழட்டின பழைய சட்டை ஏதாவது இருந்தா, இது படுக்கிற இடத்துல விரிச்சு வைங்க. அந்த வாடையிலேயே பழகிடும். அவர் வரும்போது வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். சட்டையைக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

அலமாரி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தாயும் மகளும் அசையவில்லை.

மடங்காத விரல்களால் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்:

“அவர்கிட்ட மட்டும் இது பழகவே கூடாது சார்.”