ஐம்பது கேபிக்குள் ஆவுடையம்மாள்

காணாமல் போனவர்களைப் பதியும் இணையதளம் ஐம்பது கேபிக்கு மேல் படம் வாங்காது. ஆளும் முழுசாகத் தெரிய வேண்டுமாம். காசிலிங்கம் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்திருந்ததோ, மனைவி ஆவுடையம்மாளோடு கைகோத்து நின்ற அறுபதாம் கல்யாணப் படம். மறதி நோயில் இருந்த அவள் ரயிலில் போகும்போது ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். பேர் கேட்டால் சொல்லத் தெரியாது. அடையாளம் தாடையில் ஒரு தழும்புதான். கடைக்காரி பிலோமினா படத்தைச் சுருக்கியதும் முதலில் அழிந்தது அதுதான். பின்னால் நின்ற எனக்கு அவசரம், அவளுக்கு இல்லை. "சுத்தி இருக்கறதெல்லாம் இடத்தை அடைச்சுக்குதுங்கய்யா. வெறும் வெள்ளையாக்கிட்டா அந்த இடம் முகத்துக்குக் கிடைக்கும்" என்றாள். வாழை மரங்கள் போயின. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மாலைப் பூக்களும் போனபிறகு தழும்பு மங்கலாகத் தலைகாட்டியது. இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். பிலோமினா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். படத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"என்னையும் எடுத்துரும்மா" என்றார் காசிலிங்கம்.

தூங்குகிறவர் மேலிருந்து போர்வையை விலக்குவதுபோல அவ்வளவு பதமாக அவரை அழித்தாள். அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. என் அவசரம் எங்கோ போயிருந்தது. தழும்பு பளிச்சென்று தெரிந்தது. படமும் ஏறிவிட்டது. வெட்டவெளியில் ஆவுடையம்மாள் தனியாக நின்றாள். அவளுடைய விரல்கள் மட்டும் அந்த வெள்ளையை இறுகப் பிடித்திருந்தன.