படத்தில் ஆள் வரக் கூடாது

"இது எந்த ஊர்ச் சண்டைல எடுத்தது சார்?"

பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தவர், ஸ்டுடியோ சுவரைக் காட்டிக் கேட்டார். சுவரில் சேறு அப்பிய யுத்த டாங்கி ஒன்று, புகைக்கு நடுவே, இடிந்த மதிலை ஏறி மிதித்துக்கொண்டு நின்றது.

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைச் சண்டைல," என்றார் அப்போதுதான் உள்ளே வந்த பெரியவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"மேஜையா?"

"ஒரு சாண் நீளம்தான் சார் அது. பிளாஸ்டிக்!" ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "துண்டு துண்டா ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, போட்டோ பிடிக்கிறது எல்லாம் இவரேதான். இருபது வருஷமா பிரிண்ட் போடறது மட்டும் நான்."

டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறவர் பெரியவர். பேச்சை மட்டும் முப்பத்தைந்து மடங்கு பெருக்குவார்.

"அந்தப் புகை?"

"பஞ்சு."

"சேறு?"

"அது நிஜ மண்ணு. மாவு சல்லடைல சலிச்சேன். அப்புறம் ஒரு மாசம் சாப்பாட்டுல கல்லு கடிபட்டுது. ஏன்னு நான் கேக்கவே இல்லியே!"

"ஆன்டெனாகூட எவ்ளோ சன்னமா வச்சிருக்கீங்க!"

"அது எங்க வீட்டம்மா தலைமுடி. கறுப்பு ஆன்டெனால ஆரம்பிச்சோம். இப்ப படை முழுக்க வெள்ளை ஆன்டெனாதான்."

காத்திருந்தவர் சிரித்ததில் கழுத்துப் பொத்தான் கழன்றது.

"ஒரு தடவை எறும்பு ஒண்ணு குறுக்க போயிடுச்சு," பெரியவர் தொடர்ந்தார். "படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், 'அந்த ஊர்ல கழுதை இவ்ளோ கறுப்பா இருக்குமா'ன்னு கேட்டார். 'ஆமா, ஆறு காலுமே கறுப்புதான்'னேன். நம்பிட்டார்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"பெருசாப் போடணும்ப்பா. கூடத்துல மாட்டறதுக்கு. இன்னிக்கே வேணும்."

"கூடத்துலயா? டாங்கி கூடத்துக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னு அம்மா இங்கயே உட்கார்ந்து சொன்னாங்களே! ஒத்துக்கிட்டாங்களா?"

"இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல."

"அப்ப ஜெயிச்சுட்டீங்கன்னு சொல்லுங்க!"

பெரியவர் பென் டிரைவை அவர் பக்கம் நகர்த்தினார். "பார்த்துச் செய்ப்பா. வேற பிரதி கிடையாது, கெட்டுடக் கூடாது. இந்தத் தடவை என்ன பண்ணணும்னா…"

"எனக்குச் சொல்லணுமா சார்? நீங்க உட்காருங்க," என்று ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

"வீட்டுல திட்ட மாட்டாங்களா சார்?" என்று கேட்டார் காத்திருந்தவர்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்டுடியோக்காரர் முந்திக்கொண்டார். "திட்டறதா? அம்மாதான் இவருக்கு லைட்டே! வெளிச்சம் திரும்பி விழறதுக்கு, வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மேஜைக்குப் பின்னாடி நிப்பாங்க. இவர் 'தூக்கு, இறக்கு, சாய்'னு உத்தரவு போடுவார். அவங்களுக்குக் கை மரத்துப் போயிடும். ஆனா படத்துல மட்டும் வரக் கூடாது. ஒரு மனுஷ முகம் பக்கத்துல தெரிஞ்சா, டாங்கி பொம்மைன்னு குட்டு வெளிப்பட்டுடும். விரல் நுனி வந்தாக்கூட வெட்டிடுவார்."

"அடேயப்பா!"

"இன்னும் கேளுங்க. ஒரு நாள் அம்மா, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்ல உட்கார்ந்து, 'என்னையும் ஒரு படம் எடுப்பா'ன்னாங்க. நான் கேமராவைக்கூட எடுத்துட்டேன். சார் விடணுமே! 'வீட்டுல பெயிண்ட் காயுது, எழுந்திரு'ன்னு கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டார்."

காத்திருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவர் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயட்டும்னு விட்டிருக்கலாம்," என்றார். "பெயிண்ட்தானே."

"இப்பப் பாருங்க சார்!" ஸ்டுடியோக்காரர் திரையைத் திருப்பினார். "மழ மழன்னு துடைச்சுட்டேன். பின்னாடி முழுக்கப் புகை. டாங்கி நம்ம மேலயே ஏற வர்ற மாதிரி இல்ல?"

பெரியவர் எழுந்து வந்து குனிந்தார். திரையில் மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"பின்னாடி இருந்தது எங்கப்பா?"

"அம்மாவா? அட்டையைப் பிடிச்சுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நடுவுல வந்துட்டாங்க. நல்லவேளை, நான் கவனிச்சேன். தூக்கிட்டேன்."

பெரியவரின் கை மேஜை விளிம்பைத் தேடிப் பிடித்தது. "திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"அதுக்கென்ன, ஒரு தட்டுல வந்துடும். ஆனா அவங்க இருந்தா டாங்கி பொம்மைன்னு தெரிஞ்சுடுமே சார்?"

தட்டினார். புகை விலகி, வெள்ளை அட்டைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் சிரித்தாள்.

"பொம்மைதானேப்பா அது, அதைத் தூக்கிடு," என்றார் பெரியவர். "போன வாரம் போய்ச் சேர்ந்துட்டா… வீடு முழுக்கத் தேடிட்டேன், நான் வெட்டாம விட்டது இது ஒண்ணுதான்."