நுரை ஊறும் நேரம்

"வண்டி பளிச்சுனுதானே சார் இருக்கு? எதுக்குக் கழுவணும்?"

"கழுவுங்கண்ணே. அழுக்கா இருந்தாத்தான் கழுவணும்னு சட்டமா என்ன?"

நுரையண்ணன் குழாயை எடுக்கப் போனார். கார் கழுவும் அந்தக் கடையில் நுரை பீய்ச்சுவது அவர் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இந்த ஒரு கடைதான் என்பதால், திங்கட்கிழமை தோறும் வேலைக்குப் போகும் வழியில் பேங்க்காரர் வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மற்றவர்கள் இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனை நோண்டுவார்கள். இவர் மட்டும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பார். கேட்டால், முக்கியமான போன் பேச வேண்டும் என்பார்.

குழாய் சீறியது. முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி என்று நுரை மூடிக்கொண்டே வந்து, வெளியுலகம் காணாமல் போனது. நுரை ஊறி முடியும்வரை வண்டிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பேங்க்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருந்த அழுகை வாய்விட்டு வெளியே வந்தது.

இன்றைக்கு சோப்பில் தண்ணீர் கூடிவிட்டது போலிருக்கிறது. நுரை நிற்காமல் வழிந்து இறங்கிவிட்டது. அவர் நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நுரையண்ணன் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பேங்க்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக இறங்கினார்.

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சு."

"கண்ணாடிதான் ஏத்தியிருக்கே சார்."

பேங்க்காரர் அசடு வழிந்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. ஆம்பள உட்கார்ந்து அழுதான்னு தெரிஞ்சா மானம் போயிடும்."

"அதுவும் சரிதான். எங்கப்பா போனப்பவே நான் அழல. மச்சானுங்க எல்லாம் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னானுங்க. எங்கேர்ந்து அழறது?" நுரையண்ணன் துணியைப் பிழிந்தார். "அடிக்கடி அழுவீங்களோ?"

"இங்க வந்தா மட்டும்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எங்கண்ணே இடம்? பேங்க்ல எனக்குக் கண்ணாடி ரூம். வீட்ல குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதாக்கூட வெளிய கேக்குது."

"கேட்டா என்ன சார்? வீட்ல இருக்கறது உங்க ஆளுங்கதானே?"

"ஆளுங்க எங்க? பொண்டாட்டி மட்டும்தான்." பேங்க்காரர் தரையைப் பார்த்தார். "பொண்ணு இருந்தா. காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனோம், வெறுங்கையோட திரும்பி வந்தோம். வர்ற மழைக்கு ஒரு வருஷம். அன்னிக்கு அவ அம்மாவத் தேத்தணுமேன்னு நான் கல்லு மாதிரி நின்னேன். நின்னவன் நின்னவன்தான். என் பொண்டாட்டியும் அன்னிக்கு அழுததோட சரி, அப்புறம் ஒரு சொட்டு நான் பாக்கல. சாப்பிட்டாச்சா, கதவச் சாத்தியாச்சா, இவ்வளவுதான் எங்க பேச்சு."

"உள்ளுக்குள்ள இருக்கும் சார்."

"என்னத்த இருக்கும்? ஞாயித்துக்கிழமை நான் தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள வண்டியத் துடைச்சு மினுமினுன்னு நிறுத்தி வச்சிருக்கா. பெத்த பொண்ணு போயிட்டா, இவளுக்கு வண்டி மினுங்கணும்! பளிச்சுனு இருக்குன்னு நீங்களே கேட்டீங்களே, எல்லாம் அவ கைவரிசைதான்."

நுரையண்ணன் ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். தண்ணீரை அடித்து முடித்துவிட்டு, தூசு உறிஞ்சும் மெஷினை இழுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய பெட்டி, மூட முடியாத அளவுக்குத் துணி திணித்திருந்தது.

"வெளியூரா சார்?"

"இல்லண்ணே. பேங்க் பக்கத்துல தனியா ஒரு ரூம் பாத்துட்டேன். சாயங்காலம் அவகிட்ட போன்ல சொல்லிக்கலாம்னு..." பேங்க்காரர் பிதுங்கிய துணியைப் பெட்டிக்குள் தள்ளினார். "கூட ஒரு ஆள வச்சுக்கிட்டுத் தனியா கிடக்கறதுக்கு, தனியாவே கிடந்துட்டுப் போயிடலாம்."

நுரையண்ணன் முன் சீட்டுகளுக்கு அடியில் மெஷினை ஓட்டினார். பிறகு பின் கதவைத் திறந்தார். குழந்தை உட்காரும் சிறிய நாற்காலி இன்னும் பெல்ட் போட்டபடியே இருந்தது. அதன் மடிப்பெல்லாம் பழைய பிஸ்கட் தூள். அவர் மெஷினை அணைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

பேங்க்காரர் பக்கத்தில் வந்தார். "தேங்க்ஸ்ணே. முன்னாடி எப்பவோ நான் சொன்னத இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க. அது என் பொண்ணு சிந்தினது. அது மட்டும் அப்படியே இருக்கட்டும்."

நுரையண்ணன் டிக்கியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஒருத்தருக்குக் குடுத்த வாக்க இன்னிக்கு மீறப்போறேன் சார். இந்தத் தூளத் தொடாதீங்கன்னு என்கிட்ட முதல்ல சொன்னது நீங்க இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில, நீங்க தூங்கறப்போ இதே வண்டிய இங்க கொண்டு வந்து, இதே நுரைக்குள்ள உட்கார்ந்து அழுதுட்டுப் போறாங்களே, உங்க வீட்டம்மா, அவங்கதான். 'திங்கட்கிழமையானா வண்டியக் கழுவி மினுக்கத் தெரியுது, பெத்த பொண்ணுக்காக ஒரு சொட்டு அழத் தெரியலையே அந்த மனுஷனுக்கு'ன்னு நேத்துகூடக் கேட்டுட்டுப் போனாங்க சார்."