பேச்சு வந்த இடம்

ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சை இழந்த பாக்கியசீலி அதில்தான் தினமும் காலையில் தோட்டத்துக்குப் போவார். கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். நடுங்கும் விரல்களால் மண்ணைக் கிளறுவார்.

இப்படிப் போகத் தொடங்கிய நாலாவது மாதம் ஒருநாள், கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்த அணிலைப் பார்த்து, "ஏய், போடு கீழே!" என்று அதட்டினார்.

அணில் நாற்காலியிடம் ஓடி வந்தது. "கேட்டியா? என்னைத் திட்டினாங்க!"

"கேட்டேன். இன்னொரு பழம் கடி. இன்னும் திட்டட்டும்" என்றது நாற்காலி.

அன்றிலிருந்து பாக்கியசீலி தினமும் பேசினார்.

அந்த வருடம் இல்லத்தில், அங்கிருக்கும் முதியவர்களின் பிள்ளைகள் கூட்டம் நடந்தது. பார்க்க வந்தால் கார் நிறுத்த இடமில்லை என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். மறுவாரமே கொய்யா மரத்தை வெட்டி, தோட்டம் முழுக்க சிமென்ட் போட்டார்கள்.

அணில் ஜன்னலுக்கு வந்தது. "இப்ப என்ன பேசுறாங்க?"

"வாயே திறக்கறதில்லை. சுவரையே பார்த்துக்கிட்டிருக்காங்க."

கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தான். காரை வசதியாக நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அம்மாவிடம் நாலைந்து முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். பிறகு பணிப்பெண்ணிடம், "பேசுறாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டான்.

நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க கார் நிறுத்தியிருக்கீங்களே, அந்த இடத்துலதான் பேசினாங்க!" என்று பலங்கொண்ட மட்டும் கத்தியது.

மகன் காதைப் பொத்திக்கொண்டான். "என்ன இப்படிக் கிறீச்சிடுது? முதல்ல இதுக்கு எண்ணெய் போடுங்க."