வேலி தாண்டி வந்த மீன்

"அப்பா, அந்த வாளியில என்ன?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்ற அப்பா, அவசரமாக வாளியைத் துண்டால் மூடினார்.

பக்கத்து வீட்டு அங்கப்பன் மாமா சேலத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதயத்தில் ஆபரேஷன். அத்தையும் கூடப் போயிருக்கிறார். வீட்டில் யாருமில்லை. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளையை வெட்டியதில் வந்த சண்டை. மூன்று வருஷமாக அவரும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

துண்டை விலக்கினேன். மாமா வீட்டுத் திண்ணைத் தொட்டியில் இருக்கும் மஞ்சள் சிக்லிட் மீன்.

"திருடிட்டு வர்றீங்களா?"

"வாயைப் பாரு கண்ணு, எப்படி உப்பிக் கெடக்குதுன்னு. உள்ள பூராக் குஞ்சு. இந்தச் சாதி மீனு வாயிலதான் அடைகாக்கும். இன்னிக்கோ நாளைக்கோ துப்பிரும். அந்தத் தொட்டியில இருக்கற பெருசுங்க ஒண்ணு விடாமத் தின்னு போடும்."

"கேட்டுட்டு எடுக்க வேண்டியதுதானே?"

"பேசறதில்லையே, எப்படிக் கேக்கறது?"

"பேசறதுக்கு மட்டும் ரோஷம் வருது. சொல்லாம எடுக்கறப்போ அது எங்க போச்சு?"

அப்பா காதிலேயே வாங்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் போய், ஏற்காட்டுக் குளிருக்கு ஹீட்டர் போட்ட சின்னத் தொட்டிக்குள், ஈரக் கையால் மீனைப் பிடித்து மெல்ல வாயைத் திறந்தார். கடுகு கடுகாகக் குஞ்சுகள் நழுவி விழுந்தன.

"முப்பத்தொம்பது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு ஆத்திரம் தாளவில்லை. அப்பா என்றால் நியாயம் மாறிவிடுமா? அத்தையின் நம்பருக்கு போன் போட்டேன். எடுத்தது மாமா.

"நல்லாயிருக்கேன் கண்ணு. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரமாச்சு."

"மாமா, சொல்லவே கூசுதுங்க. உங்க தாய் மீனை அப்பா எடுத்துட்டு வந்துட்டாருங்க. குஞ்சையெல்லாம் எங்க தொட்டியில விட்டுட்டாருங்க."



"எத்தனை குஞ்சு?"

"முப்பத்தொம்பதுங்க. நான் இப்பவே திருப்பிக் கொண்டுபோய்..."

"நீயொண்ணு. அங்கயே இருக்கட்டும். உங்கப்பன் முட்டை மஞ்சக்கருவை நொம்பக் கொட்டுவான், தண்ணி கெட்டுரும். கம்மியாப் போடச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லீராத."

"உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"

"மீனு வாய் உப்பின வாரந்தான் டாக்டர் உடனே வந்து படுக்கச் சொன்னாரு. மீனை விட்டுட்டு வரமாட்டேன்னு அடம்புடிச்சேன். அப்புறம் பார்த்தா, உங்கப்பன் வேலியோரம் நின்னு என் தொட்டியையே எட்டியெட்டிப் பார்த்துட்டிருந்தான். அதைப் பார்த்துட்டுத்தான் கண்ணு, நான் தைரியமா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனேன்."