தாளம் நின்ற இடம்

ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு, தோளில் கிடந்த டிரம்மின் வாரைக் கழற்றாமல் அவள் அப்படியே நின்றாள்.

"நடுவில் தாளம் நின்றுவிட்டது. பயிற்சி போதாது. அறுபத்தெட்டு."

பிறகு அடுத்த பள்ளியின் பெயர்.

தாளம் நிற்கவில்லை. அவர்கள் நிறுத்தினார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் பேண்டில் பெரிய டிரம் அவளுடையது. மாநிலப் போட்டிக்கு அந்தப் பள்ளி வருவது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பதால் அவளுக்கு இதுவே கடைசியும்.

சில மாதங்களுக்கு முன் பயிற்சியில், அவள் ஓங்கி அடித்தபோது கோலின் தலை கழன்று பறந்தது. பெரிய டிரம் நின்றதும் மற்றவர்களின் கைகளும் நின்றுவிட்டன. கால்கள் நிற்கவில்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல் மொத்தப் பேண்டின் காலடியும் ஒரே காலாகச் செம்மண்ணில் விழுந்தது.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இத அப்படியே வச்சுக்கிடுவோம்" என்றார் பேண்ட் மாஸ்டர் தர்மராஜ்.

அன்றிலிருந்து பாட்டின் நடுவே அந்த மௌனம் சேர்ந்தது. காலடிகள் மட்டும். அதை முடித்துவைப்பது அவளுடைய ஒற்றை அடி. அந்த அடி விழுந்த பிறகுதான் மற்ற எல்லாரும்.

இன்று காலை வந்ததுபோல் அது என்றுமே வந்ததில்லை. அவளுக்குப் பிடரி முடி எழுந்து நின்றது. மைதானத்தைவிட்டு வெளியே வந்ததும் சைடு டிரம் அடிக்கும் ரெக்ஸ்லின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

அறுபத்தெட்டு.

இறுதிச் சுற்றுக்குத் தேறிய ஆறு பள்ளிகளில் அவர்கள் ஆறாவது. மதியம் மறுபடி வாசிக்க வேண்டும். மதிப்பெண் புதிதாக விழும்.

நடுவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போன மாஸ்டர் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"விளக்கம் சொல்லி மார்க் வாங்க முடியாதாம். காதுல விழுறதுக்குத்தான் மார்க்காம்."

அவர் எல்லாரையும் அருகில் கூப்பிட்டார்.

"அந்த எடத்துல ரெக்ஸ்லின் சைடு டிரம்ம விடாம உருட்டி அடிக்கட்டும். நிக்காம போயிருவோம். மத்ததுல எல்லாம் நமக்கு நல்ல மார்க்குதான். இத மட்டும் மாத்துனா மூணாவது வந்திரலாம்."

ரெக்ஸ்லின் தலையாட்டினாள்.

பெரிய டிரம்காரிதான் கேட்டாள்.

"காலைல நீங்க எதுக்கு மாஸ்டர் அழுதீங்க?"

மாஸ்டர் "உருட்டட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேன் பக்கம் நடந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ரெக்ஸ்லின் தன் தொடையில் கோல்களை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமான உருட்டல். அழகாகக்கூட இருந்தது. பெரிய டிரம்காரி அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மதிய வெயிலில் மைதானம் கொதித்தது.

வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஊதுகுழல்கள் ஏறின. இறங்கின. அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய டிரம்முக்கு மேலாக எட்டிப் பார்த்தால் முன்வரிசையில் ரெக்ஸ்லினின் முதுகு தெரியும். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

இடம் வந்தது.

அவள் கோலை உயர்த்தி நிறுத்திக்கொண்டாள்.

ரெக்ஸ்லினின் முழங்கைகள் எழுந்தன. உருட்டப் போகிறாள்.

முழங்கைகள் எழுந்தபடியே நின்றன.

காலடிகள்.

காலடிகள் மட்டும்.

கேலரியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ விசிலடித்தார்கள். யாரோ சிரித்தார்கள். மறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து ஒருவர் கைதட்டி உற்சாகப்படுத்தவும் செய்தார்.

கோட்டுக்கு வெளியே மாஸ்டர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவள் முடிவுசெய்துகொண்டாள்.

இப்போது அவள் அடிக்க வேண்டும்.

கை உயர்ந்தேதான் இருந்தது. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடிக்காததை எல்லாரும் கேட்டார்கள். நடந்தார்கள்.

விசில் நின்றது. சிரிப்பு நின்றது. கைதட்டியவரும் கையைக் கீழே போட்டார். நடுவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மூவரில் ஒருவர் நிமிர்ந்தார். அவள் தோள் விண்விண்ணென்று வலித்தது. அத்தனை பெரிய மைதானத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. இடது, வலது, இடது.

அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, அவள் அடித்தாள்.

மாலையில் முடிவை வாசித்தார்கள். ஆறாவது இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது அவர்கள் பள்ளியின் பெயர்.

"அறுபத்தொன்று. சுட்டிக்காட்டிய பிறகும் தாளம் மீண்டும் நின்றது. காலையைவிட அதிக நேரம்."

முன்வரிசையில் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது.

"ஏட்டி, அதிக நேரமாம்" என்றாள் ரெக்ஸ்லின்.

மாஸ்டர் வரிசையினூடே பெரிய டிரம்காரியை நோக்கி வந்தார். சிரிப்பு அடங்கியது. அவள் எழுந்து நின்றாள். திட்டட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"எவ்வளவு நேரம் பிடிச்ச?"

"எண்ணல மாஸ்டர்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, அந்தப் பக்கம் திரும்பாமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.