மூணாவது கட்டம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தினமும் தங்கள் கைப்பலகையில் ஒரு படக்கதை வரைய வேண்டும். வரைந்ததை வைத்து மனசில் கிடப்பதைப் பலகையே படித்து, பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் ஆபீசுக்குச் சொல்லிவிடும். ஜெனிஷா இரண்டு கட்டம் வரைவதற்குள் மணி அடித்துவிட்டது. முதல் கட்டத்தில் அவள் அழுகிறாள். அடுத்ததில் அம்மா கம்பை ஓங்குகிறாள்.

சாயங்காலமே பிள்ளையைக் கொண்டுபோகிற வண்டி வாசலில் நின்றது. கழுத்தில் ஆளுக்கொரு ஆபீஸ் அட்டை தொங்க ஒரு அம்மாளும் ஒரு ஆளும் இறங்கினார்கள். ஜெனிஷாவின் அம்மா புஷ்பகனி உப்பளத்திலிருந்து ஓடிவந்தாள்.

"மேடம், நான் ஓங்குனது நாயை! மூணாவது கட்டத்துல அதைப் போட்டிருப்பா."

"எல்லா வீட்டுலயும் நாய்தான் சொல்லுதாங்க. சரி, இப்ப போடட்டும்." அந்த அம்மாள் பலகையை நீட்டினாள். கூடவந்த ஆள் அதற்குள் ஜெனிஷாவின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, அந்தச் செவலை நாயைப் போடுட்டி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஜெனிஷா தன் துணிப்பையையே பார்த்தாள். பிறகு குனிந்து வரைந்தாள். நாலு கால் வந்தது. புஷ்பகனிக்குப் போன உயிர் திரும்பியது.

பிள்ளை அந்த நாலு காலுக்கும் செருப்பு மாட்டினாள். மேலே இரண்டு தலை போட்டாள். இரண்டு கழுத்திலும் அட்டையைத் தொங்கவிட்டாள்.

பலகை அதையும் படிக்கத் தொடங்கியது.